வழி சொல்லும் பெட்டிக்கு வைத்த பொட்டு

ராஜாங்கத்தின் பிள்ளைகளில் வேலு இரண்டாமவன். மூத்தவன் ராயபுரத்தில் பெண்ணெடுத்து மாமனார் வீட்டோடு ஒட்டிக்கொண்டான். ஒரே பெண்ணை வியாசர்பாடியில் கொடுத்தார்கள். ராஜாங்கத்தைக் கடைசி வரை வைத்துச் சோறு போட்டவன் வேலுதான். போட்டவன் என்று பேருக்குச் சொல்வது. பிசைந்து ஊட்டியது, துடைத்துவிட்டது எல்லாம் அவன் பெண்டாட்டி பொன்மணி.

அப்போது அவர்கள் ராஜா அண்ணாமலைபுரத்து ஓரத்தில், அடையாற்றங்கரை வீடுகளில் இருந்தார்கள். ராஜாங்கம் பம்பு ரிப்பேர் செய்கிறவர். பீடி வாங்கப் போகிறேன் என்று ஒரு நாள் காலையில் போனவரைச் சாயங்காலம் சைதாப்பேட்டையில் ஒரு பஸ் ஸ்டாப்பில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். வழி தெரியவில்லை என்றார். முதலில் போனது வழிதான். பிறகு கிழமை போனது, பம்பு போனது, கடைசியில் வேலுவைப் பார்த்து, செத்துப்போன தன் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது பொன்மணி அழுததைப் பார்த்துச் சொந்தக்காரப் பெண்கள், மாமனாருக்கு இவ்வளவு அழுகிறவள் எங்கே கிடைப்பாள் என்று பேசிக்கொண்டார்கள்.

பெருவெள்ளம் வந்துபோன பிறகு கரையில் இருந்தவர்களை எல்லாம் கிளப்பிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் விட்டார்கள். வேலுவும் பொன்மணியும் அங்கே போனார்கள். வீடுதான் போனதே தவிர, வேலை மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டது. கல்யாணராமன் என்பவர் அங்கே ஒரு மெஸ் நடத்துகிறார். பிள்ளைகள் அமெரிக்காவில், அடுப்பு மூட்டத் தெம்பில்லை என்று இருக்கிற வயசானவர்களுக்கு வீடு வீடாகக் கேரியர் சாப்பாடு அனுப்புகிற மெஸ். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றி வருவது வேலுவின் வேலை. தலை நரைக்கத் தொடங்குவதற்கு முன்னால் பிடித்த வேலை. இப்போது மீசையும் நரைத்தாயிற்று.

வேலுவுக்கு வழி என்றால் அது ஆளை வைத்துத்தான். லஸ் முனை என்றால் சித்தப்பா மகன் பூ வண்டி போடுகிற இடம். மந்தைவெளி மார்க்கெட் என்றால் பெரியம்மா மீன் கூடையோடு உட்கார்ந்த மூலை. அபிராமபுரத்தில் அத்தை முனியம்மாள் பாத்திரம் தேய்த்த வீட்டுக்கு எதிரே திரும்ப வேண்டும். முனியம்மாளின் மருமகன் பஞ்சர் கடை வைத்திருந்த மரத்தடியைத் தாண்டினால் அடுத்த சந்து. தெருப்பெயர்ப் பலகையை அவன் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று போன பிறகு அந்த மூலைகளில் யாரும் இல்லை. ஆனாலும் பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி வண்டி அந்தந்த இடத்தில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை வண்டி திரும்பவில்லை.

அபயாம்பாள் மாமிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறான். மாமி தனியாக இருக்கிறவள், கேரியரைக் கீழே வைக்கும் முன்பே மூடியைத் திறந்து பார்க்கிறவள். ஒரு நாற்சந்திக்கு வந்து நின்ற வேலுவுக்கு இடமா வலமா என்று தெரியவில்லை. பார்த்துப் பழகின முகம், பேர் மட்டும் வாயில் வரவில்லை என்பார்களே, அப்படி நின்றது அந்தத் தெரு. கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது? அங்கே இஸ்திரி போடுகிறவர் வேலுவுக்குத் தினமும் கை தூக்குகிறவர். அவரிடம் போய், மாமி வீடு எங்கே என்று எந்த வாயால் கேட்பது? ஏதோ ஒரு பக்கம் போனான். சுற்றினான். கடைசியில் மாமி வீட்டுக் கொல்லைச் சுவர் எதிரே வந்து நின்றான்.

"வந்துட்டியாப்பா," என்றாள் மாமி. "வழி மறந்துட்டியோன்னு நெனச்சுண்டிருந்தேன். சாம்பார் ஆறிப்போயிடுத்து பாரு."

"மெட்ரோக்காரன் ரோட்ட மூடிட்டான் மாமி," என்றான்.

அதில் தப்பில்லை, ஊரெல்லாம் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப்போட்டுத் தகரம் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். தன்னிடமும் அவன் அதையேதான் சொல்லிக்கொண்டான். ஆனால் மாமி வீட்டு நாற்சந்தியில் தகரம் எதுவும் இல்லை. இன்னொரு நாள் மந்தைவெளியில் அப்படி ஆயிற்று, அங்கேயும் இல்லை. அந்த இரண்டாம் தடவைதான் அவனுக்கு அப்பா ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம். கையில் பீடிக்கட்டு பிரிக்காமல் இருந்தது.

பொன்மணியிடம் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தான். ஒரு தரம் ஊட்டியவள். இன்னொரு தரமா?

சிந்தாதிரிப்பேட்டையில் அக்பர் பாஷா என்று ஒருவன் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறான். வேலுவும் அவனும் ஒன்றாகக் கபடி ஆடியவர்கள். வெள்ளத்துக்கு முன்னால் வேலு வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அக்பர் உண்டு. அவன் கடையில் ஒரு பெட்டி வந்திருப்பது வேலுவுக்குத் தெரியும். உள்ளங்கை அகலம், தடித்த ரப்பர் விளிம்பு, மழைக்கு அசையாது, கையுறை போட்டுத் தொட்டாலும் வேலை செய்யும் கண்ணாடி. லடாக் வரை பைக்கிலேயே போய்வந்த அண்ணா நகர் ஆள் ஒருவர், கல்யாணம் நிச்சயமானதும் பெண் வீட்டார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விற்கக் கொடுத்துவிட்டுப் போனது. நாம் நிற்கிற இடத்தை வானத்தில் உள்ள சாட்டிலைட்டிடம் கேட்டு வழி சொல்கிற ஜிபிஎஸ் பெட்டி.

"இன்னா நைனா, ஊருக்கே வழி சொல்றவன் நீ. உனுக்கு எதுக்கு இது?" என்றான் அக்பர்.

"எல்லா ரோட்டையும் நோண்டிப் போட்டுகிறான் மச்சி. எது தொறந்து கீது, எது மூடிக் கீதுன்னு தெர்ல."

"அதுக்கு போனு கீதே."

"என்னாண்ட கீறது பட்டன் போனு. டச்சு போன வாங்கி மழையில மாட்டுனா அது தலைக்கு ஊத்திக்கினு செத்துப் பூடும்."

அக்பர் விலையைச் சொன்னான். வேலு பேரம் பேசவில்லை. கபடியில் தொட்டதையே தொடவில்லை என்று சாதிக்கிற ஆள் பேரம் பேசாததைப் பார்த்து அக்பர் ஒரு நிமிஷம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தான்.

அக்பர் வேலையைத் தொடங்கினான். ஹேண்டில்பாரில் ரப்பர் சுற்றி, அதன் மேல் கிளாம்பை மாட்டி இறுக்கினான். ஒயரை டாங்கிக்கு அடியில் ஒளித்து இழுத்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, பேட்டரியில் சேர்த்தான். சாவி போட்டால்தான் பெட்டி விழிக்கும், எடுத்தால் தூங்கும். ஓடுகிற வண்டியில் அது பேசுவது கேட்காது என்பதால் வேலுவின் ஹெல்மெட்டுக்குள் காதோரம் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் ஒட்டினான்.

"பொம்பள கொரலு வேணுமா, ஆம்பள கொரலா?"

"எது சொன்னா நான் கேப்பேனோ அது."

"அப்ப பொம்பள கொரலுதான். ஆனா இங்கிலீஷ்ல பேசும்."

"லெஃப்ட்டு, ரைட்டுன்றதுக்கு இன்னா இங்கிலீஷு."

பெட்டி விழித்தது, ஆனால் வழி தெரியாமல் ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சந்தில் இரண்டு பக்கமும் மாடிகள் நெருங்கி நிற்கும், நடுவில் வானம் ஒரு நாடா மாதிரிதான் தெரியும். "வானம் காட்டணும், தள்ளு," என்றான் அக்பர். இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூவம் கரைக்குப் போய் நிறுத்தினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கொஞ்ச நேரத்தில் வட்டம் நின்று, திரையில் ஆறும் பாலமும் வந்து, அதன் பக்கத்தில் ஒரு நீல அம்பு உட்கார்ந்தது.

"அதுக்கு அது எங்க கீதுன்னு தெரிஞ்சிபோச்சு," என்றான் அக்பர்.

வேலுவுக்கு அந்தப் பெட்டியின் மேல் லேசாகப் பொறாமை வந்தது.

பிறகு இடங்களைப் பதிந்தார்கள். வேலு அட்ரஸ் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க, அக்பர் படத்தில் தேடி, தொட்டு, பேரைத் தட்டினான். மாமிகள், சார்கள், ஒரு ரிட்டையர் ஆன ஜட்ஜ், நங்கநல்லூரில் மச்சான் வீடு. கடைசியில் திரையின் கீழே சின்னதாக ஒரு வீட்டுப் படம் மீதி இருந்தது. அதை ஒரு தரம் தொட்டால் போதும், நேரே வீட்டுக்கு வழி காட்டும்.

"வூடு எங்க வெக்கறது?" என்று கேட்டுவிட்டு, "அதான் தெரியுமே," என்று தானே சொல்லிக்கொண்டான் அக்பர். விரலால் படத்தை இழுத்து அடையாற்றங்கரைக்குக் கொண்டுபோய், பச்சையாக ஒன்றும் எழுதாமல் கிடந்த ஓர் இடத்தில் அழுத்தினான். அவன் கை அந்த வீட்டுக்குத்தான் பழகியிருந்தது. பெரும்பாக்கத்துக்கு அவன் வந்ததே இல்லை.

வேலு திருத்த வாயெடுத்தான். ஆளில்லாத அந்தப் பச்சையில் ஒரு வீடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். பெரும்பாக்கத்துக்கு நேர் ரோடு, முன்னால் போகிற பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம், அதற்குப் பெட்டி வேண்டியதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வீட்டில் பொன்மணி பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதலாளி வெச்சிக்கச் சொன்னாரு," என்றான்.

"அந்த அய்யரா? எண்ணெய்க் கரண்டிய வழிச்சி நக்கற ஆளு, உனுக்கு மிஷினு வாங்கிக் குடுத்தாரா?"

"எனுக்கா குடுத்தாரு? வேலைக்குக் குடுத்தாரு."

அவள் அதோடு விட்டாள்.

பெட்டி பொய் சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். காதுக்குள் ஒரு பெண் லெஃப்ட் என்பாள், ரைட் என்பாள், வேலு திருப்புவான். மாமிக்குச் சாம்பார் கொதிக்கக் கொதிக்கப் போயிற்று. கல்யாணராமன்கூட ஒரு நாள், "என்னப்பா, இப்பல்லாம் சுருக்க வந்துடறே," என்றார். வேலு தெம்பாகத்தான் இருந்தான். ஆனால் தெருக்களைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அவனுக்கும் அது தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு மூலையைக் கடந்தால் ஒரு சித்தியோ மாமனோ மனசில் வந்து போவார்கள். இப்போது நீல அம்பு மட்டும் வந்தது.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

பொன்மணிக்கு ஒரே தம்பி, புகழேந்தி. நங்கநல்லூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வருஷா வருஷம் பூஜை போட்டுச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாடு போடுவான். அதற்குக் கிளம்ப வேண்டும். வேலு கீழே வந்து சாவி போட்டு, பெட்டியில் நங்கநல்லூரைத் தொட்டு வைத்துவிட்டு, சாவியை எடுக்காமல் புதுச் சட்டை மாட்டிக்கொள்ள மாடிக்குப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் பொன்மணி வண்டிக்குப் பூஜை செய்துவிட்டாள். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். விளக்குக்கு மாலை. டாங்கிக்கு, நம்பர் பிளேட்டுக்கு, வேகம் காட்டுகிற முள்ளுக்கு எல்லாம் சந்தனம், மேலே குங்குமம். உழைக்கிற எதையும் விடக்கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். அம்மிக்கும் வைப்பார்கள், அரிவாள்மணைக்கும் வைப்பார்கள். அந்தப் பெட்டியும் உழைக்கிறதுதானே? குழைத்த சந்தனத்தை மோதிர விரலில் தோய்த்துத் திரையின் கீழ் ஓரத்தில், முகத்துக்கு வைக்கிற மாதிரி அழுத்திப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

விரல் பட்டது அந்த வீட்டுப் படத்தின் மேல். எங்கே போகிறோம் என்று பெட்டி எழுதிக் காட்டுகிற இடமும் அதே வரிசைதான். அதைச் சந்தனம் மூடிவிட்டது.

வேலு வந்து பார்த்தான். பூஜை அன்று வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்? அம்பு தெரிகிறதே, போதும் என்று ஹெல்மெட்டை மாட்டினான். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

பெரும்பாக்கத்திலிருந்து நங்கநல்லூருக்கு மேடவாக்கம் வழியாகப் போக வேண்டும். காதுக்குள் இருந்தவள் எதிர்ப்பக்கம், சோழிங்கநல்லூருக்குத் திருப்பினாள். வேலு திருப்பினான். பின்னால் இருந்த பொன்மணி என்னவோ சொன்னாள், காற்றில் போயிற்று. மெஸ்ஸிலும் இன்றைக்குப் பூஜை, முதலாளியிடம் தலையைக் காட்டிவிட்டுப் போவான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி, மத்திய கைலாஷ் வந்து, அடையாறு டெப்போவைக் கடந்து, பாலத்தில் ஏறியதும் ஆற்று வாடை அடித்தது. பொன்மணி அவன் தோளைப் பிடித்த பிடி மாறியதை வேலு உணர்ந்தான். ஏன் என்று புரியவில்லை. காதுக்குள் இருந்தவள் சொன்ன திருப்பங்களில் திரும்பி, கம்பி வேலியில் முடிந்த ஒரு சின்ன ரோட்டில் போய் நின்றான். சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டாய் என்றாள் அவள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நட்ட செடிகள். அதற்கும் அந்தப் பக்கம் ஆறு.

வேலு பெட்டியைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். நங்கநல்லூரில் ஆறு ஏது? இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், ஒரு இடத்தில்கூடத் தப்பு என்று தோன்றவில்லையே?

பொன்மணி இறங்கினாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வேலி வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பினபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"இங்கயா இட்டாந்த?" என்றாள். "நீ மெஸ்ஸுக்குத்தான் போறன்னு நான் நெனச்சிக்கினு குந்திக்கினு வந்தேன்."

வேலு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"இதோ, இங்கதான் அடிபம்பு. இப்புடிக்கா உங்க அத்த வூடு. அந்தச் செடி கீதே, அது நம்ப வாசல். ஆயுத பூஜைன்னா இந்த லைன் ஃபுல்லா சந்தனம் கரைச்சி வெப்பாங்க, உங்கப்பா அந்த ஓட்ட பம்புக்குக்கூட மாலை போடுவாரு, ஞாபகம் கீதா?" அவள் பேசிக்கொண்டே போனாள். பெரும்பாக்கம் போன நாளிலிருந்து ஒரு தரம் வந்து பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டால், பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வேலு வள்ளென்று விழுவான். கேட்பதையே விட்டுவிட்டாள். இப்போது கிட்டே வந்து, நடு ரோடு என்றும் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனுக்கு இதெல்லாம் தோணும்னு நான் நெனைக்கவேல்லய்யா."

"தோணுச்சு," என்றான் வேலு.

அந்தப் பொய் கேட்பதற்கு நன்றாக இருந்தது. அவள் சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் அந்த நாள் அப்படியே தப்பியிருக்கும்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து அவள் சொன்னாள்: "அந்தப் பொட்டிய அமுத்தாத இன்னா. இங்கேர்ந்து என் தம்பி வூட்டுக்கு அப்பல்லாம் எப்புடி இட்டுக்கினு போவ, அந்த வழில போ. எனுக்கு அதான் வேணும்."

வேலு வண்டியை எடுத்தான். சின்ன ரோடு முடிந்து பெரிய ரோடு வந்தது. அங்கே நின்றான். இந்தப் பக்கம் பஸ் போனது, அந்தப் பக்கம் ஆட்டோ போனது. பொண்டாட்டியை உட்காரவைத்துக்கொண்டு எத்தனையோ தரம் போன வழி. புகழேந்தி கல்யாணத்துக்குச் சீர்த்தட்டோடு போன வழி. எந்தப் பக்கம்? பெட்டியைத் தொட விரல் போனது. அவள் பின்னாலிருந்து அந்த விரலில் ஓர் அடி வைத்தாள், விளையாட்டாக. பின்னால் ஒரு வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

வேலு வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டாண்டைப் போட்டான்.

"வழி தெர்ல பொன்மணி."

"ஐய, வெளையாடாத. நேரமாவுது."

"மெய்யாலுமே தெர்ல. இங்க வந்ததும் நானா வர்ல. நங்கநல்லூருன்னு போட்டேன், அது இங்க இட்டாந்துச்சு. கிட்ட வர்ற வரைக்கும் எனுக்குத் தெரியாது."

அவள் மெல்ல இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். "அப்ப நீ என்னிய இங்க இட்டார்ல," என்றாள்.

வேலு இல்லை என்று தலையை ஆட்டினான்.

"எப்பலேர்ந்து?"

"ஆடிலேர்ந்து."

"அய்யரு வெக்கச் சொன்னாருன்னது?"

"பொய்தான். நானா அக்பராண்ட போயி வாங்கினேன்."

பொன்மணி அங்கிருந்த ஒரு பூட்டின கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் எது போகும், அடுத்து எது போகும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற குரலில் கேட்டாள்:

"என் தம்பி பொண்டாட்டி பேரு இன்னா?"

"இன்னா கேள்வி இது? ஜோதிலட்சுமி."

"அவளப் பெத்தவ?"

"ஜானகி. காசிமேட்டுக்காரி. சம்பந்தம் பேச வந்த அன்னிக்கு, கறில உப்பில்லன்னு உங்கம்மாவையே சொன்னவ."

"எங்க பெரிப்பா மூணாவது மருமவன்?"

"மூணாவது பொண்ணுக்குத்தான் கல்யாணமே ஆவலயே. நாலாவதுக்குத்தான் ஆச்சு. அந்தாளு சுயம்புலிங்கம், தின்னேலிக்காரரு, லவ் மேரேஜி. பந்தில உங்க பெரிப்பா எழுந்து பூட்டாரு, நான்தான் கால்ல உய்ந்து இட்டாந்தேன்."

அவள் விடவில்லை. கிளை கிளையாகக் கேட்டாள். கேட்டதற்கு மேலேயே அவன் சொன்னான். யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தச் சாவில் எந்தச் சண்டை வந்தது, எல்லாம் வந்தது. கடைசியில் அவளே மறந்துபோன ஓர் அண்ணியின் பேரை அவன் சொல்ல, அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்துபோய் அதே முந்தானையால் பெட்டியின் மேல் இருந்த சந்தனத்தையும் துடைத்தாள்.

"இன்னா எழுதிக் கீது?"

"ஹோம்னு கீது. வூடு."

"இத்த வூடுன்னு எவன் வெச்சான்?"

"அக்பர்தான். தெரியாம வெச்சிட்டான்."

"நீ பாத்துக்கினு சும்மா இருந்தியா?"

"சும்மாதான் இருந்தேன்," என்றான் வேலு.

பொன்மணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அத்த போடு. நங்கநல்லூரு. அது சொல்றத நீ வாயால எனுக்குச் சொல்லிக்கினே வா. தப்பாப் போனா நான் கேக்கறேன்."

அப்படியே போனார்கள். காதுக்குள் இருந்தவள் பேசப் பேச, லெஃப்ட்டுன்றா என்று இவன் கத்த, சரி திருப்பு என்று இவள் கத்த, பக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் தகரம் அடைத்து, அம்பு காட்டிய ரோடே இல்லாமல் இருந்தது. பொன்மணி ஓர் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, கிண்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டாள்.

"எனுக்கே தெர்லக்கா," என்றார் அவர். "காலைல போன ரோடு இப்ப இல்ல. நானே சவாரிய ஏத்திக்கினு சுத்திக்கினு கீறேன்." உள்ளே சவாரியும் ஆமாம் என்று தலையாட்டியது.

இன்னொரு சமயமாக இருந்தால் வேலு அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, எல்லாருக்கும்தான் தெரியவில்லை என்று சொல்லியிருப்பான். பொன்மணி அவன் காதருகில் வந்து, "அவருக்கு ரோடு இல்ல. உனுக்கு வழி இல்ல. ரெண்டும் வேற," என்றாள். வேலு தலையை ஆட்டினான்.

நங்கநல்லூர் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. பட்டறையில் கட்டிய மாவிலைக்குக் கீழே, வெல்டிங் மிஷினுக்குப் பட்டு சுற்றி வைத்திருந்தார்கள். புகழேந்தி சாம்பார் வாளியோடு நின்றான். வேலுவைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

"வாங்க மாமா. இப்பத்தான் விடிஞ்சுதா? மூட்டையும் முடிச்சுமா கெளம்பி ஊரச் சுத்திப் பாத்துட்டு வரியா? சோறெல்லாம் தீந்துபோச்சு, இலை மட்டும்தான் கீது."

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொல்வதற்குப் பதில் இருந்தது. மெட்ரோ இருந்தது, பூஜைக் கூட்டம் இருந்தது, பொன்மணி புடவை கட்ட நேரமானதைச் சொல்லலாம். எல்லாம் வேலுவின் வாய் வரை வந்தன. அவன் பொன்மணியைப் பார்க்கவில்லை.

"வழி தெர்ல மச்சான்," என்றான்.

சிரிப்பு இன்னும் கூடியது. "யாருக்கு, உனுக்கா?" என்று ஒரு கிழவர் இலையில் இருந்து தலையைத் தூக்கினார். ஜோதிலட்சுமி அப்பளக் கூடையோடு நின்று சிரித்தாள். வேலு சிரிக்காமல் நின்றான்.

"எங்கப்பனுக்கு வந்தது மாதிரி கீது," என்றான். "கொஞ்ச நாளா."

ஒவ்வொருவராகச் சிரிப்பு அடங்கியது. அந்தப் பந்தியில் ராஜாங்கத்தைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. புகழேந்தி அக்காவைப் பார்த்தான். அவள் செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்," என்றாள். "இன்னாதான் இதுன்னு டாக்டரு சொல்லட்டும். நீயும் வா. வண்டி நீ ஓட்டு."

புகழேந்தி சரி என்றான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்து இரண்டு இலைகளை எடுத்துப் பந்தியின் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்தான்.

"குந்து மாமா," என்றான். "சோறு கீது."